குறுக்கே நிற்பவருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் பிரிவில் ஒரு சீனியர் இருக்கிறாராம். தனக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் எல்லாம் வந்து நின்று யோசனை சொல்வார். தன்னுடைய கையெழுத்து வேண்டிய தாளை மட்டும் நாலு நாள் மேசையிலேயே வைத்துக்கொள்வார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தம்பி மேலாளருக்கு மெயில் தட்டிவிட்டார்: 'ஹி இஸ் எ வெரி டிஸ்டர்பிங் பெர்சன்.' மறுநாள் காலை மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, "அவர் யாரிடமாவது தப்பாக நடந்துகொண்டாரா? பயப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். தம்பி ஆடிப்போய்விட்டார். "தொந்தரவு பண்ணுகிறார் என்றுதானே சார் எழுதினேன்? இப்படிக் குறுக்கே வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் சரியான சொல்தான் என்ன?" என்கிறார்.

கதவைச் சாத்திய அம்மாவின் மேல் தப்பில்லை தம்பி. 'டிஸ்டர்ப்' என்று வினைச்சொல்லாகப் போட்டால் தொந்தரவு செய்வதுதான். அதையே ஒரு ஆளுக்கு முன்னால் அடைமொழியாக ஒட்டி 'டிஸ்டர்பிங் பெர்சன்' என்றால் பொருள் வேறு எங்கோ போய்விடும். பார்த்தாலே மனதைக் கலக்குகிற ஆள், பக்கத்தில் உட்காரவே அச்சமாக இருக்கிற ஆள் என்று ஆகிவிடும். ஒரு கொடூரமான செய்தியைப் படித்து இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்றால் அந்தச் செய்தி டிஸ்டர்பிங். பக்கத்து மேசைக்காரர் சத்தமாகப் போன் பேசினால் அது வெறும் தொந்தரவு. முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினேன். நம் பக்கத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் இந்த ஒரு சொல் அடித்த கூத்தை எழுதினால் தனிப் புத்தகமாகும்.

சரி, கேள்விக்கு வருவோம். தமிழில் நமக்குக் 'குறுக்கே' என்ற ஒரு சொல் போதும். குறுக்கே பேசுகிறார், குறுக்கே நிற்கிறார், குறுக்கே விழுகிறார் என்று எல்லாவற்றையும் அதிலேயே முடித்துவிடுவோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த மனிதர் கையை உள்ளே விடுகிறாரா, காலைக் குறுக்கே நீட்டுகிறாரா? கையை விடுபவருக்கு ஒரு குடும்பம் சொற்கள், காலை நீட்டுபவருக்கு இன்னொரு குடும்பம். உங்கள் சீனியர் காலையில் கையை விடுகிறார், மாலையில் காலை நீட்டுகிறார். அதனால்தான் ஒரே சொல்லில் அவர் அடங்க மாட்டேன் என்கிறார்.

கையை விடுபவருக்கு முதல் சொல் 'மெட்டில்'. பழைய பிரெஞ்சில் கலப்பது, கலக்குவது என்ற பொருளில் இருந்த சொல் ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு அடுத்தவர் காரியத்தில் போய்க் கலக்குவதாகச் சுருங்கிவிட்டது. நாம் 'குட்டையைக் குழப்புகிறார்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே படம். செய்பவர் 'மெட்லர்', அந்தக் குணம் 'மெட்டில்சம்'. அடுத்தவர் விவகாரத்தில் தலையிட்டால் 'மெட்டில் இன்' என்றும், தொடக்கூடாத பொருளைத் தொட்டு நோண்டினால் 'மெட்டில் வித்' என்றும் வரும். பரிசாக வாங்கும் மெடலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உச்சரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், எழுத்தில்தான் வித்தியாசம். ஒரு பையன் தன் பயோடேட்டாவில் பள்ளி நாளில் மூன்று மெடல் வாங்கியதை எழுத்துப் பிழையோடு எழுதி, மூன்று முறை மூக்கை நுழைத்ததாக ஒப்புக்கொண்டிருந்தான்.

மூக்கு என்றதும் 'நோஸி' வந்துவிடுகிறது. இங்கே ஆங்கிலமும் தமிழும் ஒரே உறுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் மூக்கை நுழைப்பவர் விசாரிக்கவும் செய்வார், தலையிடவும் செய்வார். ஆங்கிலத்தில் நோஸி ஆளுக்குத் தெரிந்துகொண்டால் போதும். உங்கள் சம்பளம் எவ்வளவு, பெண்ணுக்கு வரன் அமைந்ததா, நேற்று வீட்டு வாசலில் நின்றது யார் கார் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவார். மெட்லருக்குத் தெரிந்தால் போதாது, செய்தாக வேண்டும். வரனை அவரே பார்ப்பார், ஜாதகத்தை அவரே கொண்டுபோய்க் கொடுப்பார், கடைசியில் கல்யாணத்தையும் அவரே நிறுத்துவார்.

'பிஸிபாடி' இருவருக்கும் நடுவில். சொந்த வேலை கிடக்க ஊர் வேலையில் எப்போதும் பிஸியாக இருப்பவர். இதை வெறும் கேலிச்சொல் என்று நினைத்துவிட வேண்டாம். பேதுருவின் முதல் நிருபத்தில் கொலைகாரன், திருடன், பொல்லாங்கு செய்பவன் என்று அடுக்கிக்கொண்டே வரும் வரிசையில் நாலாவதாக அந்நிய காரியங்களில் தலையிடுகிறவன் வருகிறான். 1611-ல் வந்த ஆங்கில வேதாகமத்தில் அந்த நாலாவது ஆளுக்குப் போட்ட சொல் பிஸிபாடி. மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பாதிரியார், அந்த வரிசையைப் பிரசங்கத்தில் படித்தால் மூன்று பெயருக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சபை நாலாவதற்குத் தலையைக் குனிந்துகொள்ளும் என்பார்.

நம் நீதிமன்றங்களுக்கும் இந்தச் சொல் பிடிக்கும். பொதுநல வழக்கு என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் வந்து நிற்பதைக் கண்டித்து, 1992-ல் ஜனதா தளம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு பட்டியலே போட்டது. அதில் பிஸிபாடி உண்டு, மெட்டில்சம் உண்டு, 'இன்டர்லோப்பர்' உண்டு, 'அஃபிஷியஸ்' உண்டு. அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளில் இந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வக்கீல் குமாஸ்தாக்களுக்கே மனப்பாடம்.

இன்டர்லோப்பருக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு இருக்கிறது, கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். இன்று உரிமையில்லாத இடத்தில் நுழைந்தவன் என்று பொதுவாகச் சொன்னாலும், அந்தச் சொல் பிறந்தது வியாபாரத்தில். ஒரு கம்பெனிக்கு அரசர் தனியுரிமை கொடுத்திருக்கும்போது, அனுமதியில்லாமல் கப்பலைக் கட்டிக்கொண்டு வந்து நடுவில் வியாபாரம் பண்ணுகிறவன் இன்டர்லோப்பர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இவர்களைக் கண்டாலே எரிச்சல். கம்பெனி 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அப்புறம் 1698-ல் சென்னைக்கு ஆளுநராக வந்து, இந்தக் கடலூர்க் கோட்டைக்கும் மேலதிகாரியாக உட்கார்ந்தவர் தாமஸ் பிட். அவர் யார் என்று பார்த்தால், இளவயதில் அதே கம்பெனியை ஆட்டிவைத்த பேர்போன இன்டர்லோப்பர். பிடித்தும் பார்த்தார்கள், அபராதம் போட்டும் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஆளையே உள்ளே இழுத்துப் பதவி கொடுத்துவிட்டார்கள். உங்கள் மேலாளருக்கும் இது ஒரு யோசனைதான்.

அந்தப் பட்டியலில் வந்த அஃபிஷியஸை நம்மவர்கள் பெரும்பாலும் 'அஃபிஷியல்' என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவைதான். ஒரு காலத்தில் அஃபிஷியஸ் என்றால் கடமை தவறாதவர், உதவும் குணமுள்ளவர் என்ற நல்ல பொருளே இருந்தது. உதவி அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதைக் காலம் அந்தச் சொல்லிலேயே எழுதிவிட்டது. இன்று அஃபிஷியஸ் என்றால் கேட்காமலே அதிகாரம் பண்ணுகிறவர். கல்யாண மண்டபத்தில் பெண் வீடும் இல்லாமல் பிள்ளை வீடும் இல்லாமல் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, 'அந்த வரிசையை முதலில் விடு, சாம்பாரை இங்கே கொண்டுவா, நீங்கள் எழுந்திருங்கள்' என்று கத்திக்கொண்டிருப்பார் பாருங்கள். நாட்டாமை பண்ணுகிறார் என்போம். அகராதிகள் இந்தச் சொல்லுக்கு என்னென்னவோ விளக்கம் சொல்கின்றன. நாட்டாமை என்று ஒரு வார்த்தையில் எழுதியிருந்தால் நம் பிள்ளைகள் ஒரு நாளும் மறக்க மாட்டார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு வசவு இருக்கிறது, முந்திரிக்கொட்டை. பண்ருட்டித் தோப்பில் முந்திரிப்பழம் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்ற பழத்துக்கெல்லாம் கொட்டை உள்ளே அடங்கி இருக்கும். இது மட்டும் வெளியே துருத்திக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். இதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் கிடையாது. பேச்சில் நடுவில் விழுந்தால் 'பட் இன்' பண்ணுகிறார், ஆடு முட்டிக்கொண்டு நுழைவது போல. எங்கேயும் தன்னை முன்னால் தள்ளிக்கொண்டால் 'புஷி'. வயதுக்கும் இடத்துக்கும் மீறிப் பேசினால் பழைய ஆங்கிலத்தில் 'ஃபார்வர்ட்' என்பார்கள். இன்று ஃபார்வர்ட் என்றால் வாட்ஸாப்பில் தள்ளிவிடுவது என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

யோசனை சொல்லியே கொல்கிறவர்களுக்கு இரண்டு நல்ல சொற்கள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த 'பேக்சீட் டிரைவர்'. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். என் மைத்துனர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் அது நாற்பதாகிவிடும். 'லாரியை விடு, இப்போ ஏறு, ஹாரன் அடி, ஏன் அடிச்சே' என்று தென்பெண்ணைப் பாலம் வருவதற்குள் ஓட்டுகிறவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தானே செய்ய வேண்டியதில்லை, செய்கிறவனைச் செய்யவிடுவதும் இல்லை. அலுவலகத்திலும் இந்தச் சொல் அப்படியே பொருந்தும்.

இன்னொன்று நம்மூரில் அதிகம் தெரியாதது, 'கிபிட்ஸர்'. சீட்டாட்டத்திலோ சதுரங்கத்திலோ ஆடாமல் பின்னால் நின்று 'அதைப் போடு, ஐயோ, இதைப் போட்டிருக்கலாமே' என்கிறவர். புதுச்சேரியில் மாலை நேரத்தில் பெத்தாங் ஆடுகிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன இரும்புக் குண்டு ஆட்டம். ஆடுகிறவர் ஆறு பேர் என்றால் அளக்கிறவர் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேரும் கிபிட்ஸர்கள்தான். இந்தச் சொல் யூதர்களின் யித்திஷ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் இருப்பது ஜெர்மன் மொழியில் 'கீபிட்ஸ்' என்ற ஒரு பறவையின் பெயர். அது என்ன பறவை தெரியுமா? நம் வயல்வெளியில் ஆள் நடமாட்டம் கண்டால் கத்திக் கூப்பாடு போட்டு ஊருக்கே சொல்லிவிடுமே, அந்த ஆள்காட்டிக் குருவியின் ஐரோப்பியப் பங்காளி. இனம் கொஞ்சம் வேறு, குடும்பம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஒரு பறவையை ஜெர்மன்காரரும் கவனித்திருக்கிறார், நம் உழவரும் கவனித்திருக்கிறார். அகராதியில் இதைப் பார்த்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இந்தக் கை விடும் குடும்பத்திலேயே கவனமாகக் கையாள வேண்டியது 'இன்டர்ஃபியர்', 'இன்டர்வீன்' என்ற ஜோடி. தமிழில் இரண்டுக்கும் தலையிடுவது என்றே எழுதிவிடுகிறோம். இன்டர்வீன் என்றால் நடுவில் வருவது, அவ்வளவுதான். சண்டையை விலக்க வரலாம், நியாயம் சொல்ல வரலாம். பெரும்பாலும் மரியாதையான சொல். இன்டர்ஃபியர் வேண்டாத தலையீடு. நடக்கும்போது குதிரையின் ஒரு கால் இன்னொரு காலில் இடித்துக்கொள்வதற்கு அந்தக் காலத்தில் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். காரியம் ஒன்றே, யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். கர்நாடக நவாப் பதவிக்கு நடந்த சண்டையில் 1749-ல் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சந்தா சாகிபுக்குப் படை கொடுத்தார். டூப்ளேயைக் கேட்டால் அது இன்டர்வீன், எதிரே தேவனாம்பட்டினத்தில் உட்கார்ந்திருந்த இங்கிலீஷ்காரனைக் கேட்டால் மெட்டில். அவனும் அதையே செய்தான் என்பது வேறு கதை. டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், டூப்ளேயின் மனைவி நிர்வாகத்தில் தலையிடுவது பற்றி அவர் புழுங்கும் இடங்கள் வந்துகொண்டே இருக்கும். மேலதிகாரியின் வீட்டம்மாவை எதிர்த்துப் பேசவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. ராத்திரி உட்கார்ந்து எழுதித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

இனிக் காலை நீட்டுபவர்கள்.

இங்கே சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஏற்றம் தெரியும். 'ஹிண்டர்' என்றால் வேகத்தைக் குறைப்பது, வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். 'ஹேம்பர்' என்றால் கைகால் கட்டுண்டது போலத் தடுமாறச் செய்வது. 'அப்ஸ்ட்ரக்ட்' என்றால் வழியில் எதையோ குவித்து அடைப்பது, அதன் லத்தீன் வேரே எதிரில் அடுக்குவது என்பதுதான். செய்தித்தாளில் 'அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு' என்று தினமும் படிக்கிறோமே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 186-வது பிரிவும், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் நியாய சன்ஹிதாவின் 221-வது பிரிவும் அதற்குப் பயன்படுத்துவது இந்த அப்ஸ்ட்ரக்ட்தான். ஆகவே மெயிலில் இதைப் போட்டால் கொஞ்சம் போலீஸ் வாடை அடிக்கும். 'த்வார்ட்' எல்லாவற்றுக்கும் மேலே. இது தடுத்தே விட்டது, காரியம் நடக்கவில்லை. நார்வே பக்கத்துப் பழைய மொழியில் இதன் நேர்ப்பொருள் 'குறுக்கே'. நீங்கள் கேட்ட சொல் இதுதான், பார்த்தீர்களா! படகில் குறுக்காகப் போட்டிருக்கும் உட்காரும் பலகைக்கும் ஆங்கிலத்தில் த்வார்ட் என்றே பெயர். ஆனால் உங்கள் சீனியர் நாலு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார் அல்லவா? அப்படியானால் அவர் ஹிண்டர்தான் பண்ணுகிறார். த்வார்ட் என்று எழுதினால் அது மிகை.

'இம்பீட்' என்பதை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். லத்தீனில் அது காலுக்குப் போடும் தளை. அதே காலடி வேரிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததுதான் அதிபர்களையும் நீதிபதிகளையும் நீக்கக் கொண்டுவரும் 'இம்பீச்'. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'எம்பெஷே' என்றால் தடுப்பது என்று தெரியும், இம்பீச் அதன் உடன்பிறப்பு. ஆக ரோமாபுரிக்காரனுக்குக் காலைக் கட்டினால் தடை. நமக்குக் கால்கட்டு என்றால் கல்யாணம். இதற்கு மேல் நான் எதுவும் சொல்வதாக இல்லை, வீட்டில் இதைப் படிப்பார்கள்.

தமிழில் இந்த வகையின் ராஜா முட்டுக்கட்டை. இதை ஆங்கிலத்தில் 'ஸ்டம்ப்ளிங் பிளாக்' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஸ்டம்ப்ளிங் பிளாக் என்பது நடக்கிறவன் கால் இடறும் கட்டை, இதுவும் ஆங்கில வேதாகமம் பரப்பிய சொல்தான். முட்டுக்கட்டையோ தேர்ச்சக்கரத்துக்குப் போடுவது. வில்லியனூர்த் தேரைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். படம் எடுப்பவர்கள் எல்லோரும் வடத்தின் பக்கம் நிற்பார்கள். என் கண் எப்போதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு குனிந்து ஓடுகிற ஆட்களின் மேல்தான். அவர்கள் சரியான நொடியில் கட்டையைக் கொடுக்காவிட்டால் தேர் திரும்பாது, நிற்காது, வீட்டுத் திண்ணையில் போய் ஏறிவிடும். முட்டுக்கட்டை போடுவது தேரில் ஒரு தொழில்நுட்பம். ஊர்ப்பேச்சில் அது வசவாகிவிட்டது.

ஆங்கிலத்தில் இதற்கு அசலான ஜோடி 'புட் எ ஸ்போக் இன் ஹிஸ் வீல்'. ஸ்போக் என்றதும் சைக்கிள் சக்கரத்தின் கம்பி நினைவுக்கு வந்து, ஏற்கெனவே இருக்கிற கம்பியோடு இன்னொன்று செருகினால் என்ன கெட்டுவிடும் என்று வகுப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டச்சு மொழியில் சக்கரத்துக்குள் நீட்டும் தடிக்குச் சொன்னது ஆங்கிலத்தில் ஸ்போக் ஆகிவிட்டது என்பது அகராதிக்காரர்கள் சொல்லும் விளக்கம். தடியை நீட்டினால் வண்டி நிற்கும். தொழிற்சாலைப் பேச்சில் இதையே 'ஸ்பேனர் இன் த வொர்க்ஸ்' என்பார்கள், ஓடுகிற இயந்திரத்துக்குள் ஸ்பேனரைப் போடுவது. சிப்காட்காரருக்கு இது பொருத்தமாக இருக்கும்.

தானும் செய்யாமல் அடுத்தவரையும் செய்யவிடாதவருக்கு அதிகம் தேட வேண்டாம். வைக்கோற்போர் நாய் நம்மிடமும் இருக்கிறது, 'டாக் இன் த மேஞ்சர்' என்று அவர்களிடமும் இருக்கிறது. நம் நாய் போரில் படுத்திருக்கிறது, அவர்கள் நாய் மாட்டுத் தொட்டியில் படுத்திருக்கிறது. மாடு பட்டினி கிடப்பதில் மாற்றமில்லை.

விதியைக் காட்டியே வேலையை நிறுத்துகிறவருக்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஜாப்ஸ்வர்த்' என்று அருமையான ஒரு சொல் உண்டு. 'இதைச் செய்தால் என் வேலையே போய்விடும்' என்று சொல்லிச் சொல்லியே சின்ன உதவியைக்கூடச் செய்ய மறுப்பவர். ஒரு அலுவலகத்தில் எனக்கு நடந்தது. விண்ணப்பத்தில் தேதியை நீல மையில் எழுதியிருந்தேன், கறுப்பு மைதான் வேண்டுமாம். பேனாவைக் கொடுங்கள், மேலேயே எழுதித் தருகிறேன் என்றேன். மேலே எழுதினால் திருத்தம், திருத்தத்துக்குச் சான்றொப்பம் வேண்டும், சான்றொப்பம் இடுபவர் இன்று லீவு. அந்த எழுத்தர் கெட்டவர் இல்லை, லஞ்சம் கேட்கவும் இல்லை. அசல் ஜாப்ஸ்வர்த்.

சந்தோஷத்தைக் கெடுப்பவர்கள் தனி இனம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்பாயில்ஸ்போர்ட்' ஆட்டத்தைக் கெடுப்பவர், 'கில்ஜாய்' மகிழ்ச்சியைக் கொல்பவர். 'வெட் பிளாங்கெட்' அப்படி எதையும் செய்ய மாட்டார், வந்து உட்கார்ந்தாலே எல்லோர் உற்சாகமும் அணைந்துவிடும், தீயின் மேல் ஈரச் சாக்கைப் போட்டது மாதிரி. பிரெஞ்சில் இவர்களுக்கு 'த்ரூப்ள்-ஃபேத்' என்று பெயர், விழாவைக் குலைப்பவர். சிவபூஜையில் கரடிக்கு நெருக்கமாக ஒன்று வேண்டுமென்றால், காதலர் இருவருக்கு நடுவில் போய் உட்காருபவரைப் பிரிட்டிஷ்காரர் 'கூஸ்பெரி' என்பார்கள். நம் கரடி மிருகமே இல்லை, கரடிகை என்ற வாத்தியம் என்றும் சொல்வார்கள். அவர்கள் கரடி ஒரு பழம்.

இரண்டு பேருக்கு நடுவில் சிண்டு முடிந்துவிடுபவர், நாரதர் வேலை பார்ப்பவர் எல்லாம் 'ஸ்டிரர்' அல்லது 'மிஸ்சிஃப் மேக்கர்'. உங்கள் சீனியர் மேல் அந்தப் புகார் இல்லை என்பதால் அதை விட்டுவிடுவோம்.

ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து வீணாக்காதீர்கள், 'டெவில்ஸ் அட்வகேட்'. எதற்கெடுத்தாலும் மாட்டேன் என்கிறவரை இப்படிச் சொல்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன், வேண்டாம் என்று வாதாடுவதற்கென்றே ஒரு பதவி இருந்தது. 1587-ல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் ஏற்படுத்தியது. 1983-ல் இரண்டாம் ஜான் பால் நடைமுறையை மாற்றும் வரை அது உயிரோடு இருந்தது. அந்தப் பதவியில் இருந்தவர் தடுப்பவர் இல்லை, சோதிப்பவர். தேருக்குக் கட்டை போடுகிற ஆள் மாதிரி. உங்கள் சீனியர் சொல்லும் யோசனைகளில் பத்துக்கு ஒன்றாவது உருப்படியாக இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் இந்தப் பெயரைக் கொடுங்கள்.

இன்னொன்று, கோபத்தில்கூட 'சபோட்டாஜ்' என்று எழுதிவிட வேண்டாம். 'சபோ' என்றால் பிரெஞ்சில் மரக்கட்டைச் செருப்பு. தொழிலாளர்கள் அந்தச் செருப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்தார்கள் என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் மரச்செருப்போடு தடதடவென்று நடப்பதற்கும், அதன் வழியாக வேலையைக் கன்னாபின்னா என்று செய்வதற்கும் வந்த வினைச்சொல் அது. 1910 வாக்கில் ஆங்கிலத்துக்குப் போய், இன்று திட்டமிட்ட சதி என்ற பொருளில் நிற்கிறது. எழுதினால் நிரூபிக்க வேண்டிவரும்.

இவ்வளவு சொற்களைச் சொல்லிவிட்டு இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மெயிலில் இவற்றில் ஒன்றையும் போடாதீர்கள். மெட்லர், பிஸிபாடி, அஃபிஷியஸ் எல்லாம் டீக்கடையிலும் கதையிலும் நன்றாக இருக்கும். அலுவலகத் தாளில் பெயர்ச்சொல் ஆளின் மேல் ஒட்டிக்கொள்ளும், வினைச்சொல் நடந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவர் என்ன ஆள் என்று எழுதினால் சண்டை, என்ன செய்தார் என்று எழுதினால் தகவல்.

காலை நீட்டியதற்கு இப்படி எழுதலாம்: 'தி அப்ரூவல் ஹாஸ் பீன் வித் ஹிம் ஃபார் ஃபோர் டேஸ், அண்ட் இட் இஸ் ஹோல்டிங் அப் தி டிஸ்பாட்ச்.' ஹோல்டிங் அப் என்பது எளிய சொல், தாமதத்தைச் சொல்கிறது, குற்றம் சாட்டவில்லை. கையை விட்டதற்கு: 'ஹி கிவ்ஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் டு மை டீம் வித்தவுட் டெல்லிங் மீ.' அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அஃபிஷியஸ் என்ற முடிவுக்கு மேலாளரே வந்துசேரட்டும்.

ஆனால் அதை அனுப்புவதற்கு முன்னால் மனிதவளப் பிரிவு அம்மாவைப் போய்ப் பார்த்து, டிஸ்டர்பிங் என்று எழுதியது ஆங்கிலக் கோளாறு, ஆளில் கோளாறு இல்லை என்று நேரில் சொல்லிவிடுங்கள். அந்த மனிதர் உங்கள் கோப்பை நாலு நாள் வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர் பெயரில் அங்கே இந்நேரம் தனியாக ஒரு கோப்பு திறந்திருப்பார்கள்.